பரோலோவுக்குக் காரம் இனாம்

வெள்ளை விரிப்பின்மேல் உப்பு சிவந்துகொண்டே வருகிறது, தூவுவது என் கை, ஒயினைச் சிந்தியதும் என் கைதான், எதிரே கப்பல் ஏஜெண்ட் ஜெயசிங் சிரிக்கிறார், உப்பு விக்கிற வீட்டுப் பிள்ளைதானே, நல்லாத் தூவும் தம்பி, கறை போயிரும் என்கிறார், தூத்துக்குடியில் அவர் மகனுக்கு என் தங்கை பொன்மலரைப் பேசப் போன மத்தியானம் அது, இத்தாலியக் கப்பல் கேப்டன் கொடுத்த பரோலோ, அந்த ஊர்ச் சிவப்பு ஒயின் என்று மீசையைத் தடவிக்கொண்டே ஊற்றினார், ரோஜாவும் தாரும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம், ஒரு வாய்க்கே துவர்ப்பு நாக்கைச் சுருட்டிப் பிடித்தது, பக்கத்திலிருந்த சோடாவைக் கொஞ்சம் கலந்துகொண்டேன், அவ்வளவுதான், பரோலோவுல சோடாவா வே என்றார் ஜெயசிங், மேசை முழுக்கச் சிரிப்பு, கை தவறிக் கிளாஸ் சாய்ந்தது, சம்பந்தமும் கூடவே சாய்ந்தது, ருசி தெரியாத வீட்டுல பொண்ணெடுத்தா நாலு பேர் என்ன சொல்லுவான் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார், பொன்மலர் அழவில்லை, அண்ணே, அப்படி என்ன ருசிதான் அது, எனக்கொரு பாட்டில் வாங்கிக் குடு என்றாள்.

ஒரு பாட்டிலா, கொழும்புக்கு வந்து இந்த உணவகம் போட்ட பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பாட்டில், அவள் சமைக்க, நான் ஊற்ற, இருவருமாக அந்த ஒயினின் குணத்தைப் படித்தோம், அதற்குக் கொழுப்பு வேண்டும், நல்லி எலும்பு, நெய்யில் வதக்கிய காளான், நாள்பட்ட சீஸ், அப்போது பூனைபோல மடியில் படுத்துக்கொள்ளும், மிளகாய் பட்டாலோ துவர்ப்பு இரட்டிப்பாகித் தொண்டையில் தீ வைக்கும், இதெல்லாம் தெரியாத ஜெயசிங் போன வாரம் என் கடைக்குள் நுழைகிறார், ஒன்றுமே நடக்காததுபோல என் தோளில் கை போடுகிறார், பியாங்கான்னு ஒரு இத்தாலிக்கார அம்மா, சொந்தத் தோட்டத்துப் பரோலோ, இந்தத் தீவுக்கே ஏஜென்சி தரப்போறா தம்பி, விருந்து இங்கதான், தடிச்ச ஒயினுக்கு எகிறுற காரம் வேணும், எனக்கு மிளகாய் நண்டு, காரத்துக்குத் தனியாக் காசு கேட்டுராதே, இல்லை அண்ணாச்சி, காரம் இனாம் என்றேன், எடுத்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் எங்கள் வீட்டு வியாபாரம் அப்படி, கேட்ட சரக்கைக் கட்டிக் கொடுப்போம், கேளாத யோசனைக்கு வாய் திறக்கமாட்டோம்.

விருந்தன்று, அந்த அம்மாவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிப் பொன்மலர் நல்லி அனுப்புகிறாள், எலும்பை உறிஞ்சி ஒரு வாய் ஒயின் குடித்துக் கண்ணை மூடுகிறார் பியாங்கா, ஜெயசிங் நண்டைக் கடித்துக் கிளாஸைச் சாய்க்கிறார், மறுபடி கடிக்கிறார், மறுபடி சாய்க்கிறார், நெற்றியில் வியர்வை, மூக்கில் நீர், கண்ணீரினூடே துழாவுகிற கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சோடா பாட்டில், அதை வைத்தது நான், எடுக்கச் சொன்னது யார், விளிம்புவரை ஊற்றுகிறார், பரோலோ நுரைக்கிறது, சோடாவா என்று பியாங்கா மெல்லக் கேட்கிறார், கேட்டுவிட்டு ஏஜென்சிப் பத்திரத்தை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்து ஜிப்பை இழுக்கிறார், அந்தச் சத்தத்துக்குத்தான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேனா, ஜெயசிங்கின் கை தவறுகிறது, கிளாஸ் சாய்கிறது, அவர் எழப்போக, அடுக்களையிலிருந்து பொன்மலர் வருகிறாள், கையில் கிண்ணம், எந்திரிக்காதீங்க மாமா, அவள் வாயால் அவர் கேட்கும் முதல் மாமா, கடைசி மாமாவும் அதுதான், இது எந்த மேசை, எந்த ஊர், விரிப்பு மட்டும் அதே வெள்ளை, அவள் நிதானமாகத் தூவுகிறாள், உப்பும் இனாம்தான் என்கிறாள், உப்பு சிவந்துகொண்டே வருகிறது.