கால்மேல் போட்ட பழி

ஒலிம்பிக்கில் ஓடிய சொர்ணவல்லி என்றால் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. முதல் சுற்றிலேயே கடைசியாக வந்தேன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நானூறு மீட்டர் தடை ஓட்டம். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே பதினைந்து தப்படி வைப்பது என் கணக்கு. அன்று ஏழாவது தடைக்கு முன் மூச்சு முட்டி, பதினேழு வைத்துவிட்டேன். தோற்றதற்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, அந்தக் கோபத்தோடுதான் பயிற்சியாளர் வேலைக்கே வந்தேன்.

போன மாதம் எனக்குப் பணி ஓய்வு. என்னிடம் ஓடியவர்கள் ரயில்வேயிலும் போலீசிலும் இருப்பதை மேடையில் ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். நானோ வராத ஒருத்தியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுடர்விழி, கட்டுமாவடிப் பெண். குள்ளம். பதினேழு தப்படியில் அழகாக ஓடிக்கொண்டிருந்தவளை, "பதினஞ்சு வைக்கத் துப்பில்லன்னா ஊருக்குப் போயிரு" என்று விரட்டி விரட்டி மாற்றினேன். பன்னிரண்டு வருடம் முன்பு தேசிய அணிக்கான தேர்வுப் போட்டியில், எட்டாவது தடைக்கு எட்டாத தூரத்திலிருந்து தாவினாள். தொடைத் தசை கிழிந்தது. வலியில் தரையில் கிடந்தவளிடம், "ஒன் காலு இதுக்கு லாயக்கில்லடி" என்றேன். அதன் பிறகு அவள் மைதானத்துக்கு வரவில்லை. அடிபட்ட கால் தேறவில்லை போலும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை. வீம்பு, வேறென்ன.

இப்போது அறந்தாங்கியில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மன்னிப்புக் கேட்கத்தான் பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

"வாங்க மேடம். இங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க."

"காலு எப்படி இருக்கு?"

"அது நாலு மாசத்துலயே நல்லாயிருச்சு மேடம்."

"அப்புறம் ஏன் வரல?"

"நீங்கதான் லாயக்கில்லன்னு சொல்லிட்டீங்களே. ஒலிம்பிக் ஓடுனவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இத்தனை வருடமாக அதை நம்பியே இருந்திருக்கிறாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. "தப்பு ஒன் காலு மேல இல்ல, சுடர். என் மேல. பதினேழுதான் ஒனக்குச் சரி. நான் தோத்த கோவத்த ஒன் மேல எறக்கிட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவள் சிரிப்பு நின்றது. மைதானத்தில் பிள்ளைகள் விசிலுக்காகக் காத்து நின்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இது ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு மேடம்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். பொய் வாய்வரை வந்தது.

"நீ போன ஆறாவது மாசம். அடுத்து வந்த பிள்ளைங்கள அவங்கவங்க காலுக்குத் தக்கன ஓட விட்டேன். ஜெயிச்சாங்க."

சுடர்விழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு இருவது வயசுதான் மேடம்," என்றாள்.