குறுக்கே நின்ற கொடி

மருந்துக் கம்பெனியின் கூடாரத்துக்கு வெளியே, காலி டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து காத்திருந்தான் பைலட் வேணு. இஸ்திரி போட்ட சட்டையில் செம்மண் படிந்துகொண்டிருந்தது. எதிர்ப் பொட்டலில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்குப் பூச்சிமருந்து தூவும் சின்ன விமானம் நின்றது. அதை ஓட்டத்தான் ஆள் தேடினார்கள். வேணுவுக்கு முன்னால் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்த இன்னொரு பைலட் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னா சார், மூஞ்சி வாடிக்கினு கெடக்கு? இந்தப் பவுடரைக் கொஞ்சம் பூசட்டுமா? மாப்பிள்ளைக் களை வந்துரும்" என்றான் கொடிக்காரன் சாமிக்கண்ணு. அவன் தலை, புருவமெல்லாம் மருந்து வெள்ளை.

வேணு சிரித்தான். "வேலை கெடச்சா நானே பூசிக்கிறேன். பொண்டாட்டியோட அண்ணன் குவார்ட்டர்ஸ்ல எத்தனை நாள்தான் சோறு திங்கறது?"

போன வருஷம் சேத்தியாத்தோப்பு வயலில், வேறொரு கம்பெனிக்காக வேணு தாழப் பறந்தபோது, வரிசை காட்டக் கொடி பிடித்து நின்றவன் சாமிக்கண்ணுதான். விமானம் நெருங்கியதும் கொடிக்காரன் விலகிவிட வேண்டும். "தலைக்கு மேல போனப்புறம்தான் நகரணும்" என்று மேஸ்திரி மிரட்டி வைத்திருந்ததால் அவன் அசையவில்லை. வேணு சட்டென்று திருப்பினான். இறக்கை பனைமரத்தில் மோதி விமானம் நொறுங்கியது. பைலட்டின் தவறு என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவனுக்கு விமானம் தரவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். சாமிக்கண்ணுவும் கூடவே நுழைந்தான்.

"அவரு மேல தப்பில்லீங்க, மொதலாளி. நாந்தான் மரமாட்டம் நின்னுகினு இருந்தேன். என் உசிரைக் காப்பாத்தத்தாங்க திருப்புனாரு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பறேன். சரி, மிஸ்டர் வேணு. நாளைக்கு என் ப்ளேன்ல போறீங்க. இவன் மறுபடியும் அதே மாதிரி நிக்கறான். என்ன செய்வீங்க?"

வேணு சாமிக்கண்ணுவைப் பார்த்தான்.

"திருப்புவேன் சார்."

"அதான் எனக்குப் பயம். இன்னொரு ப்ளேனுக்கு நான் எங்கே போவேன்? போயிட்டு வாங்க."

சாமிக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஏய், கொடியை எடுடா! ப்ளேன் கெளம்பப் போகுது" என்று வெளியிலிருந்து மேஸ்திரி கத்தினான்.

வேணு ரோட்டோரம், மச்சானின் குவார்ட்டர்ஸ் இருந்த டவுன்ஷிப்புக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றான். தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்தின் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது. அவனுக்கு முன்னால் முதலாளியைப் பார்த்த அந்தப் பைலட் ஓட்டிய விமானம் கொல்லைக்கு மேலே தாழ இறங்கி வந்தது. வரப்பில் சாமிக்கண்ணு கொடியைத் தூக்கிப் பிடித்து நின்றான். அசையவில்லை.

வேணுவின் வலது கை, ஒன்றுமில்லாத காற்றைப் பற்றி வெடுக்கென்று இழுத்தது.

விமானம் திரும்பவில்லை. சாமிக்கண்ணு குப்புற விழுந்தான். சக்கரங்கள் அவன் முதுகுக்கு மேலே கடந்து போயின. வெள்ளைத் தூள் இறங்கி அவனை மூடியது. இருமிக்கொண்டே எழுந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடிக் கொடியை உயர்த்தினான்.