பத்தாவது பாஸ் அன்புச்செல்வி

கோகுலகிருஷ்ணன் கடைக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்புச்செல்வியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பென் டிரைவை நீட்டினார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருஷம் அவருடைய அகாடமியில் படித்தவள். தினமும் காலையில் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" சொன்னவள். மனுஷனுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

"இருபதுக்குப் பத்து அடி பேனரு. கூட்டேரிப்பட்டு ஜங்ஷன்ல ரெண்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு. அட்மிஷன் சீசன்மா, ஜல்தியா முடிச்சுக் குடு" என்றார்.

திண்டிவனத்தில் ராஜாமணியின் ஃப்ளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரரின் பிறந்தநாள் எல்லாம் அவள் கைவழியாகத்தான் ஊருக்குப் போகும். பென் டிரைவைச் செருகித் திறந்தாள். முதல் படமே அவள்தான். கறுப்பு கவுன், தலையில் சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். பட்டமளிப்பு விழா என்று சொல்லி விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து எடுத்த படம்.

"இந்தப் பொண்ண நடுவுல பெருசா வை. பேரு அன்புச்செல்வி. கீழ, 'சென்னை முன்னணி டிவி சேனலில் எடிட்டர்'னு போடு. மேல, 'பத்தாவது போதும், ப்ளஸ் டூ தேவையில்லை. இரண்டே ஆண்டில் டிகிரிக்கு இணையான டிஜிட்டல் மீடியா டிப்ளமோ'. அந்த 'இணையான' மட்டும் செவப்புல வரட்டும்."

அவள் அடித்தாள். சொந்தப் பேரைச் சொந்தக் கையால் பொய்க்குப் பக்கத்தில் அடிக்க வேண்டியிருந்தது.

இணையான! அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கவிழ்த்தது. கேமராவும் எடிட்டிங்கும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் பள்ளிக்கூட வாசலில் இவர் நோட்டீஸ் கொடுத்தார். அகாடமியில் இருந்தது ஆறு பழைய கம்ப்யூட்டர். ஒரே ஒரு கேமரா, அதுவும் பீரோவுக்குள். சாவி இவர் பாக்கெட்டில். இரண்டு வருஷத்தில் அந்தக் கேமராவை அவள் தொட்டது மூன்று முறை.

படிப்பு முடிந்ததும் சான்றிதழை எடுத்துக்கொண்டு, விஸ்காம் டிகிரி சேரலாம் என்று விழுப்புரத்தில் ஒரு காலேஜுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த அம்மாள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இத யாரு குடுத்தது? யூனிவர்சிட்டியா, கவர்மென்ட் போர்டா?"

"அகாடமிங்க மேடம்."

"டிகிரி சேர ப்ளஸ் டூ வேணும்மா. பாலிடெக்னிக் டிப்ளமோன்னா மூணு வருஷம், கவர்மென்ட் பரீட்ச எழுதணும். அத முடிச்சா இன்ஜினியரிங்ல நேரா ரெண்டாம் வருஷம் போலாம். உன்னுது எந்தக் கணக்குலயும் வராது. உங்கிட்ட இருக்கறது பத்தாவது மட்டுந்தான். யாருமே சொல்லலியா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தவள், சென்னையில் இரண்டு கம்பெனி ஏறினாள். ஒன்றில் டிகிரி கேட்டார்கள். இன்னொன்றில், "டிகிரி கிடக்கட்டும், நீ செஞ்ச வேலையக் காட்டு" என்றார்கள். கேமரா பீரோவுக்குள் இருந்தால் எந்த வேலையைக் காட்டுவது? கடைசியில் ராஜாமணிதான் எதையும் கேட்காமல் ஒரு பேனர் போட்டுக் காட்டச் சொல்லி வேலை கொடுத்தார். அதுவும் அவள் போனில் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது.

வீட்டில் இது எதையும் அவள் சொல்லவில்லை. "மீடியா ஆபீஸ்ல வேல" என்று சொல்லி வைத்திருந்தாள். அப்பா பெரியசாமி சொந்த ஊரான பிரம்மதேசம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோகுலகிருஷ்ணன் மேல் வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே வந்தது.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பிரம்மதேசத்துலேர்ந்து சேரன் பேசறேன். நாளைக்கு ஸ்கூல்ல டி.சி. வாங்கிக்கினு பொண்ண இட்டுக்கினு வர்றேன் சார். எங்க அண்ணன் பொண்ணு அன்புச்செல்வி உங்ககிட்டதான் படிச்சுது. அத நம்பித்தான் சேக்கறேன்."

அவளுடைய சித்தப்பா. பொண்ணு என்றால் ரோஜா. பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு எடுத்தவள். வருகிற வாரம் ப்ளஸ் ஒன் வகுப்பில் உட்கார வேண்டியவள்.

"அன்புச்செல்வி நம்ம ஸ்டார் ஸ்டூடண்ட் ஆச்சே! சென்னையில டிவில இருக்கு" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"இல்லியே சார், திண்டிவனத்துல இல்ல வேல செய்யுது?"

"ஆமா ஆமா, அது பிராஞ்ச்."

அவள் எழுந்தாள். போனுக்கு நேராகக் குனிந்தாள்.

"சித்தப்பா, நான் அன்பு பேசறேன். டி.சி. வாங்காத. இவுரு குடுக்கற டிப்ளமோ எங்கயும் செல்லாது. என்னை காலேஜ்ல சேக்கல. நான் பேனரு கடையில இருக்கேன். டிவியும் இல்ல, பிராஞ்சும் இல்ல."

சேரன் கத்தினார். "ஒரு வருஷமா ஊரெல்லாம் பீத்திக்கினு, இப்ப என் பொண்ணு படிக்கப் போறான்னதும் செல்லாதா? உனக்கு மேல வந்துடுவான்னு வயித்தெரிச்சலா?" போன் கட்டானது.

கோகுலகிருஷ்ணன் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "நீயாம்மா? அட, இதுல இன்னா தப்பு? உனக்கும் விளம்பரந்தானே!"

அறைந்திருப்பாள். பென் டிரைவைப் பிடுங்கி அவர் முன்னால் வீசுவதோடு நிறுத்திக்கொண்டாள். "வேற கடையில போட்டுக்குங்க. என் மூஞ்சி அதுல வந்துச்சு, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன்."

அவர் போனதும் ராஜாமணி குதித்தார். "சீசன் கஸ்டமரத் தொரத்திட்டியேம்மா! பேஜாரு பண்றியே!" அவள் முழுக்கதையையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "சரி, உங்க சித்தப்பாதான் நம்பலியே. இன்னா பண்ணப் போற?"

பிரம்மதேசத்தில் வாயால் சொன்னதை யாரும் நம்புவதில்லை. காதுகுத்தோ சாவோ கட்சிப் பதவியோ, ஃப்ளெக்ஸில் ஏறினால்தான் அது நடந்ததாக அர்த்தம். ஏறிவிட்டால் அப்புறம் பொய் என்று யார் சொன்னாலும் எடுபடாது. அது அவளுக்குத் தெரியாதா? போனிலேயே ஆர்டர் வரும் அந்த ஊரின் பாதி ஃப்ளெக்ஸைப் போட்டதே அவள்தான், அது ஊருக்குத்தான் தெரியாது.

"ஆறுக்கு நாலு ஒண்ணு அடிச்சுக்கறேண்ணே. சம்பளத்துல புடிச்சுக்குங்க."

"அகாடமி பேரப் போடாத, கேஸு போடுவான். உன் கதைய மட்டும் எழுது" என்றார் ராஜாமணி. பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவில் தன் படம் போட்ட ஃப்ளெக்ஸை அவளே கட்டினாள். பால் ஊற்ற வந்தவர்கள் நின்றார்கள். மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகிற பெண்கள் நின்றார்கள். பாஞ்சாலி அத்தை வழக்கம்போல, "யாருக்குடி கல்யாணம்?" என்று கேட்டாள். பெரியசாமியும் தோளில் துண்டோடு வந்து சேர்ந்தார். மகள் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது.

சேரனின் வண்டி வந்து நின்றது. பின்னால் ரோஜா, மடியில் மார்க் ஷீட் கவரோடு.

"இன்னாம்மா போட்டிருக்குது? படி" என்றார் பெரியசாமி ரோஜாவிடம்.

அவள் இறங்கி வந்து உரக்கப் படித்தாள்.

"நான் அன்புச்செல்வி. பத்தாவது பாஸ். அதுக்கு மேலே என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு வருஷம் படித்து வாங்கிய என் டிப்ளமோ ப்ளஸ் டூவுக்குச் சமம் இல்லை, டிகிரிக்கும் சமம் இல்லை. நான் டிவியில் இல்லை, பேனர் கடையில் இருக்கிறேன். வீட்டில் பொய் சொன்னேன். மீடியா படிக்க ஆசைப்படும் பிள்ளைகளே, ப்ளஸ் டூ முடித்து விஸ்காம் சேருங்கள். அல்லது அரசு பாலிடெக்னிக்கில் சேருங்கள். கொடுப்பது யூனிவர்சிட்டியா, அரசு போர்டா என்று முதலில் கேளுங்கள். அதற்கு முன்னால் டி.சி.யில் கை வைக்காதீர்கள்."

படித்து முடித்த ரோஜா மார்க் ஷீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நான் ப்ளஸ் ஒன்னே போறேம்பா" என்றாள்.

சேரனுக்கு முகம் செத்துவிட்டது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது. "ஊர் சிரிக்க வெச்சிட்டாளே! கிழிங்கடா அத!" என்று கம்பில் கை வைத்தார்.

"கைய எட்றா!"

பெரியசாமி அப்படிக் கத்தி அன்புச்செல்வி கேட்டதில்லை. தம்பியைத் தள்ளிவிட்டு மகள் முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. இப்போது அடி விழும் என்று நினைத்தாள். விழட்டும் என்றும் நினைத்தாள்.

"ஒரு வருஷமா எங்கிட்ட சொல்லாம மறைச்சிக்கினு இருந்திருக்க. இன்னா பொண்ணு நீ?"

"தப்புதாம்பா."

அவர் பேனரின் அடிப்பக்கத்தை விரலால் தட்டினார். "எந்த பேனரா இருந்தாலும் அத வெச்சவன் பேரு அடியில இருக்கும். இதுல எங்க?"

"உனக்கு எதுக்குப்பா இந்த அவமானம்? அதான் போடல."

"கைநாட்டு வெச்சு உன் டி.சி.ய வாங்கினது யாரு? நான்தானே. எந்த போர்டு, யாரு குடுக்கறதுன்னு ஒரு வார்த்த கேட்டனா? போடு என் பேர."

ரோஜா பையைத் துழாவி ஒரு மார்க்கர் பேனாவை நீட்டினாள். அன்புச்செல்வி குனிந்து எழுத ஆரம்பித்தாள். பெரியசாமிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் அளவு தெரிந்தது.

"பெருசா எழுது" என்றார்.