போகாத கூட்டம்

உளவுப் பிரிவு என்றால் கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியும் என்று நினைப்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய பைக், ஒரு செல்போன், நாலு டீக்கடைகளில் நல்ல பழக்கம். திண்டிவனம் பக்கம் எங்கே கூட்டம் நடந்தாலும் யார் யார் வந்தார்கள் என்று அன்றைக்கே விழுப்புரத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் ஏட்டு ஜெகதீசனாகிய என் வேலை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்குவாரி வேண்டாமென்று ஒரு கிராமத்தில் தடையை மீறி உண்ணாவிரதம். நல்ல மழை. நான் போகவில்லை. டீக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். கூட்டம் நடக்கிறது என்றார். அதே ஊரில் அனுமதியோடு நடந்த முந்தைய கூட்டத்தின் பெயர்ப் பட்டியலை அப்படியே எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, ‘நேரில் கண்டது’ என்று கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஆட்கள் யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை. ரிப்போர்ட் என்போம்.

எட்டு மாதம் கழித்து, அந்த ஊர்ப் பெரியநாயகத்தின் மகள் கிளாராவுக்கு கிராம நிர்வாக அலுவலர் வேலை கிடைத்தது. நன்னடத்தை விசாரணைக்கான தாள் என்னிடமே வந்தது. பழைய கோப்பைப் புரட்டினால், உண்ணாவிரதப் பட்டியலில் அவள் பெயர். அது போதும், வேலை போய்விடும்.

வீட்டுக்குப் போனேன். பெரியநாயகம் வாசலில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

“மொதக் கூட்டத்துக்கு அப்பாகூட வந்தேன் சார்,” என்றாள் கிளாரா. “ரெண்டாவதுக்கு எப்பிடி வருவேன்? அன்னைக்கி விழுப்புரத்துல இந்த வேலைக்குத்தான் பரீட்சை எழுதிக்கினு இருந்தேன்.” ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். அதே தேதி.

“நாலு வருசமா படிச்சிக்கினு கெடந்த புள்ளைங்க. பேஜாரு பண்ணிடாதீங்க,” என்றார் பெரியநாயகம். அவள் பெயரை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

விஷயத்தைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் தமிழ்மணி சுலபமாக வழி சொன்னார். “அந்தப் பொண்ணு தெருவுல கிளாரா எத்தினி பேருய்யா?”

“மூணு பேருங்கய்யா.”

“அப்பறம் இன்னா? வந்தது வேற கிளாரான்னு எழுதிடு. இந்தப் பொண்ணுக்கும் வேல கெடைக்கும், நீயும் தப்பிச்சிக்குவ.”

மாதா கோயில் தெருவில் இன்னொரு கிளாரா நர்ஸ். குவைத் போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அவள் தாளும் என் மேஜைக்குத்தான் வரும். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ‘அன்று நான் கூட்டத்துக்குப் போகவில்லை. பட்டியல் பழையது’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவி உயர்வு போகும் என்று தெரியும்.

மறுநாள் விழுப்புரத்துக்கு வரச் சொன்னார்கள். அதிகாரி அருணா என்னை உட்காரச் சொல்லி, இரண்டு வரியையும் படித்தார். கிளாராவின் தாளில் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதினார். அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

“மீதி முப்பத்தேழு பேரு?” என்றார்.

“மேடம்?”

“அந்தப் பட்டியல்ல இருக்கிறவங்க. யார் யாரு அன்னைக்கி வந்தாங்க?”

இரவெல்லாம் யோசித்தவன், அவர்களை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

“தெரியலைங்க மேடம்.”

“தடைய மீறுனாங்கன்னு அதுல ஆறு பேரு மேல கேஸ் நடந்துக்கினு இருக்கு, ஜெகதீசன். ஒங்க ரிப்போர்ட்டுதான் சாட்சி.”

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.