பதினோரு முகமூடிகள்

கடலோர ஊரான ஜூனியேவிலிருந்து கார் மலையேறத் தொடங்கியதும் சல்வா பேச்சை எடுத்தாள். சல்வா என் மனைவி ஜுமானாவின் அக்கா. மலைமேல் இருக்கும் அவள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம்; எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவள் கணவன் நாஜியும், ஐந்து வயதாகும் என் மகள் லியாவும்.

"இந்தத் தடவை அவளை எங்ககிட்ட விட்டுட்டுப் போ, வதீ. கோடை வரைக்கும். என் பொண்ணுங்க இருக்காங்க, ஸ்கூலும் பக்கம்."

"வேண்டாம்."

"நீ மருந்துக்கடையில எட்டு மணி வரைக்கும் நிக்கற. அவ பக்கத்து வீட்டுல டிவி முன்னாடி கிடக்கறா."

"என் பொண்ணு. நான் பாத்துக்கறேன்."

"எப்போ?"

வளைவில் மூடுபனி நின்றது. விளக்கைப் போட்டேன்.

ஜுமானா போய் ஏழு மாதம். துக்க வீட்டார் ஒரு வருடம் எந்த விருந்துக்கும் போவதில்லை. பிள்ளைகள் மாறுவேடம் போடும் புனித பர்பாரா திருநாளுக்குக் கோதுமை வேகவைப்பதும் இல்லை. குழந்தைக்கு என்ன துக்கம், அவளும் மாறுவேடம் போட்டு ஆடட்டும் என்று சல்வா சொன்னாள். மறுத்திருந்தால் நிறையப் பேச வேண்டியிருக்கும். சரி என்றேன்.

"உனக்கு வேஷமே தேவையில்லடா" என்றான் நாஜி. "கறுப்புச் சட்டை, தாடி. சவப்பெட்டி விக்கறவன் மாதிரியே இருக்க."

"வாயை மூடு" என்றாள் சல்வா.

லியா நாஜியின் கையைச் சுரண்டினாள். "பெரியப்பா, பர்பாரா ஏன் வேஷம் போட்டா?"

"அவ அப்பன் பொல்லாதவன். அவன் கண்ணுல படாம இருக்க, முகத்துல கரியைப் பூசிட்டு கோதுமை வயலுக்குள்ள ஓடுனா."

"கண்டுபிடிச்சானா?"

"இல்லடி குட்டி, கண்டுபிடிக்கல."

அது பொய், அப்பனே அவளைக் கண்டுபிடித்துக் கொன்றான் என்று பெரியவர்கள் மூவருக்கும் தெரியும்.

சல்வா திரும்பி லியாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "நீதான் என்னைப் புதைக்கணும், என் உயிரே."

எனக்குப் பிறகும் நீ வாழணும் என்ற அர்த்தத்தில் எங்கள் ஊரில் பிரியமானவர்களிடம் எல்லோரும் சொல்வதுதான். ஜுமானாவும் தினமும் லியாவிடம் சொல்வாள். ஜுமானாவைப் புதைத்த அன்று கல்லறை வாசலில் லியா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

ஊர் மண்டபத்தில் ஜெனரேட்டர் இரைந்தது. அண்டாவில் கோதுமை வெந்துகொண்டிருந்தது. சோம்பு வாசம். பெண்கள் பிள்ளைகளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் வேஷம் கட்டினார்கள். அப்பாக்கள் எட்டிப் பார்க்கக் கூடாது.

அந்த ஊரில் ஒரு விளையாட்டு உண்டு. முகமூடிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொரு அப்பாவும் தன் பிள்ளையின் தலையில் கை வைக்க வேண்டும். தவறினால் மூஞ்சியில் மாவு.

பதினோரு பேர் வந்து நின்றார்கள். பழைய கோட்டு, போர்வை, மூட்டைத் துணி. கைகளுக்கும் உறை.

நாஜி இரண்டு மகள்களையும் ஒரே மூச்சில் பிடித்தான். "இந்தத் தொப்பை என் தொப்பைதான், பாவம்!" சிரிப்பு.

என் முறை வந்தது. சல்வா சுவரோரம் கைகட்டி நின்றாள். பிள்ளைகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சரியாகத் தொட்டுவிட்டால் அவள் இனி அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

லியாவின் வயதிருக்கும் என்று தோன்றியவர்கள் மூன்று பேர். அவள் என் இடுப்புக்கு வருவாளா, அதற்கும் மேலேயா? நிற்கும்போது எந்தக் காலை முன்னால் வைப்பாள்? ஏழு மாதமாகத் தினமும் அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மூவரில் பழுப்புக் கோட்டு ஆடிக்கொண்டே நின்றது. குழந்தைகள் ஆடும். அதன் தலையில் கை வைத்தேன்.

முகமூடி மேலேறியது. முன்பல் இல்லாத ஒரு பையன்.

மாவு வந்து கண்ணில் விழுந்தது. "பெத்த பொண்ணையே தெரியலயாடா?" என்று ஒரு கிழவர் கத்தினார். யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். மாவு வீசியவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மற்ற அப்பாக்கள் வேகவேகமாக வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. கோடு போட்ட போர்வை, முயல் முகமூடி. முழு நேரமும் அசையாமல் நின்றது அதுதான்.

மண்டியிட்டேன். "லியா."

அசையவில்லை.

"கழட்டும்மா. நான்தான்."

முயல் இப்படியும் அப்படியும் தலையாட்டியது. "நான் லியா இல்ல."

முகமூடியின் கயிற்றைத் தொட்டேன். அவள் பின்வாங்கவில்லை. உடம்பு மட்டும் விறைத்தது. கையை எடுத்துவிட்டேன்.

சல்வா வந்தாள். குனியவில்லை, கையை மட்டும் நீட்டினாள். முயல் அதைப் பிடித்துக்கொண்டது.

"மூஞ்சியைத் தொடைச்சுக்க, வதீ. வா, கோதுமை சாப்பிடு."

"வேண்டாம். பனி இறங்கிடும், கிளம்பறேன்."

சல்வா கார் வரைக்கும் வந்தாள். அவளிடம் சொல்ல வேண்டியதை யோசித்தேன்.

"காய்ச்சல் வந்தா மருந்து அஞ்சு மில்லி கொடுக்கணும். பதினெட்டு கிலோ இருக்கா."

"சரி. வேற?"

உள்ளே பிள்ளைகள் மேளம் தட்டத் தொடங்கினார்கள்.

"கோடை வரைக்கும்" என்றேன்.