வெளியே போயிருக்கிறார்

செவ்வாய்க்கிழமை காலை கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போனேன். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். ஆனால் எங்கள் குடியிருப்பின் பதிவேட்டின்படி நான் இன்னும் வரவில்லை.

வாட்ச்மேன் மாசிலாமணி கேட்டைத் திறக்கவில்லை. பதிவேட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். என் பெயருக்கு நேராக ஆங்கிலத்தில் 'ஹேஸ் கான் அவுட்' என்று எழுதியிருந்தது. நல்ல கையெழுத்து.

"'ஹேஸ் கான்'னு இருந்தா ஆளு இன்னும் வெளியதான் இருக்காருன்னு அர்த்தம் சார். 'வென்ட்'னு இருந்தா போனது முடிஞ்சுபோன விஷயம். விட்டிருப்பேன்."

"எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

அதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். உட்காருவதற்கு ஸ்டூல் கொடுத்தார். அதைக் கேட்டுக்கு வெளியே போட்டார்.

பதிவேடு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். கொண்டுவந்தவர் செயலாளர் வைகுந்தநாதன், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் கை தூக்கினார், நானும் தூக்கினேன். அவரும் என்னைப் பார்த்துத்தான் தூக்கியதாகப் பிறகு சொன்னார்.

அதிலிருந்து எல்லோரும் கவனமாகத்தான் வாழ்கிறோம். கீழ்வீட்டுத் தணிகாசலத்துக்கு ஆடி மாதம் கால் உடைந்தது. அதை அவர் 'ஹேஸ் ப்ரோக்கன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எலும்பு கூடி நான்கு மாதமாகிறது. கட்டைப் பிரிக்க அனுமதி இல்லை.

பத்து மணிக்குச் செயலாளர் வந்தார். 'வென்ட்' என்று திருத்தித் தரும்படி கேட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"'டுடே' முடிஞ்சிடுச்சா மிஸ்டர் கதிரேசன்?"

"இல்ல சார்."

"முடியாத நாளுக்கு எப்படி பாஸ்ட் டென்ஸ் போடுவீங்க?"

மறுநாள் போய் நின்றேன். பதிவேட்டில் ஒரு பக்கம் என்பது ஒரு வாரம், இந்த வாரம் முடியவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டை மூடி அட்டையைக் காட்டினார். அதில் ஆண்டு அச்சிட்டிருந்தது.

கேட்டிலிருந்து எங்கள் பிளாக் நாற்பது அடி. புதன்கிழமை அது எண்பது அடியாக இருந்தது. வெள்ளிக்கிழமை என் மனைவி அமுதவல்லி சாப்பாட்டுடன் வந்து சேர்வதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. சனிக்கிழமை வழியில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். கம்பி வழியாக டப்பாவை வாங்கிக்கொண்டேன். மகள் ஆதிரை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். என்னைத் தேடுகிறாள் என்றாள். நான் இங்கேதானே இருக்கிறேன் என்றேன். அதைத்தான் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்றாள்.

திங்கட்கிழமை அவளே செயலாளரைப் பார்த்து ஒரு படிவம் வாங்கி வந்தாள். அதில் இரண்டு ஆங்கில வாக்கியங்கள். நான் வெளியே போனது ஒன்று. பதினொரு வருடம் இங்கே வாழ்ந்தது இன்னொன்று. வினைச்சொல் இருக்க வேண்டிய இடம் இரண்டிலும் காலி. ஒரே படிவத்தில் இரண்டு காலத்தைக் கலக்கக் கூடாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

"ரெண்டுலயும் 'ஹேஸ்' போட்டா நீங்க இங்கதான் குடியிருக்கீங்க. ஆனா உள்ள வர முடியாது," என்றாள். "பாஸ்ட் போட்டா உள்ள வரலாம். ஆனா இங்க குடியிருந்தவரு ஆயிடுவீங்க."

"உனக்கு எது வேணும்?"

வெகுநேரம் யோசித்தாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் பாதை இன்னும் கொஞ்சம் நீண்டது.

"கம்பி இல்லாம உங்க முகத்தைப் பார்த்து ஒரு வாரம் ஆச்சு," என்றாள். பிறகு 'வென்ட்' என்று எழுதினாள். இரண்டாவது இடத்தில் 'லிவ்டு' என்று எழுதும்போது அவள் கை நின்றது. எழுத்துக்கூட்டல் சரிதானா என்று என்னிடம் கேட்டாள். சரி என்றேன்.

செயலாளர் படிவத்தைப் படித்துவிட்டு, முப்பத்திரண்டு வருடச் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான விடைத்தாளைத் தான் பார்த்ததில்லை என்றார். அமுதவல்லிக்குக் கை கொடுத்தார். மாசிலாமணி என் கழுத்தில் விருந்தினர் அட்டையை மாட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தார். பார்வை நேரம் நான்கிலிருந்து ஆறு. பாதை நாற்பது அடிதான் இருந்தது.

அமுதவல்லி எனக்கு முன்னால் ஓடிப்போய்ப் புடவை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். ஃபேனை ஐந்தில் வைத்தாள். ஷோகேஸில் இருந்த பீங்கான் கோப்பையை எடுத்து அதில் காபி கொடுத்தாள். கல்யாணத்துக்கு வந்த கோப்பை அது. பதினொரு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவள் முகம் சிவந்தது.

ஆதிரை வந்து, "வாங்க அங்கிள்," என்றாள். அங்கிளுக்குச் சொல்லிக் காட்டு என்று அவளைத் தூண்டினாள் அமுதவல்லி. குழந்தை கைகட்டி நின்று கோ, வென்ட், கான் என்று ஒப்பித்தாள். கெட்டிக்காரி என்றேன்.

ஜன்னலோர நாற்காலிக்கு மாறப் போனேன்.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள் அமுதவல்லி. "அது அவரு உட்கார்ற நாற்காலி."

பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன். அவர் எங்கே என்று கேட்டேன்.

"வெளிய போனாரு."

"திரும்பி வந்தாரா?"

"அது அந்த வாக்கியத்துல இல்லீங்க."

மிக்சரைத் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். நல்ல மனுஷன்தான், ஆனால் காபி நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்றாள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்தேன். அவள் வாசல்வரை வந்தாள். என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்துக் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டாள்.

"அடிக்கடி வாங்க," என்றாள். "அவரு வந்தா நீங்க வந்துட்டுப் போனதைச் சொல்றேன்."

"நான் விசாரிச்சதாச் சொல்லுங்க," என்றேன்.