வீட்டில் இல்லாத மீன்

செல்போன் அலறியபோது லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் இரண்டாவது கிளாஸ். பாதி காலி.

ஓய்வு பெறும் ஃபோர்மேனுக்கு ஒர்க்‌ஷாப்பின் பின்பக்க அறையில் பிரிவுபசார விருந்து. சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே, போனில் மகள்.

"அப்பா, மீனுக்குத் தீனி போட்டீங்களா?"

அவர்கள் வீட்டில் மீன் தொட்டியே கிடையாது!

போன வாரம்தான் பள்ளியின் சுகாதார வகுப்பிலிருந்து அந்த வீட்டுப்பாடத்தோடு வந்தாள். "கூட்டத்துல குடிக்கச் சொன்னா, வேண்டாம்னு சொல்ல வாய் வராதாம்பா. அதுக்கு ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்கணும். நான் சொன்னா நீங்க உடனே வரணும். அன்னிக்கு ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது."

"உங்க டீச்சருக்கு வேற வேலையில்லையா? பத்தாவது படிக்கிற பிள்ளைங்க குடிக்குமா?" என்று சிரித்தவர்தான் 'மீனுக்குத் தீனி' என்ற ரகசிய வார்த்தையையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். இன்று அவள் போயிருப்பது தோழியின் பிறந்தநாளுக்கு.

"அடடா, மறந்துட்டேன் பாப்பா. இதோ வர்றேன்."

எழுந்தார். ஃபோர்மேன் தோளைப் பிடித்து அழுத்தினார். "எங்கப்பா ஓடுறே? இதை முடிச்சுட்டுப் போ. ஒரு வாய்தானே!"

பிறந்தநாள் வீட்டிலும் இந்நேரம் எவளோ இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். 'வேண்டாம்' என்று சொல்ல இவருக்கே வாய் வரவில்லை.

"வீட்ல மீன் சாகக் கிடக்குதுண்ணே!"

"மீனா? எப்ப வாங்குனே?"

பதில் சொல்ல ஆள் அங்கே இல்லை.

வேன் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். வந்தாக வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆனால், இந்த நிலைமையிலா ஸ்டியரிங்கைத் தொடுவது? சாவியைப் பாக்கெட்டில் திணித்துவிட்டு, தெருமுனைக்கு ஓடி டாக்சியை மறித்தார்.

தோழி வீட்டு வாசலில் மகள் தயாராக நின்றாள். "மீனுக்காகப் போறியா? லூசாடி நீ!" என்று உள்ளே ஒரே கும்மாளம். விறுவிறுவென்று வந்து ஏறிக்கொண்டாள். டாக்சி கிளம்பியதும் பெருமூச்சு விட்டாள். அடுத்த மூச்சில் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மெல்ல ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"வேன் எங்கப்பா?"

ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தார்.

"சரி, விடுங்க. இன்னிக்குத்தான் கேள்வி கிடையாதே."

தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின.

"நாளைக்குக் கேட்கலாம் பாப்பா."

"யாரு? நீங்களா, நானா?"

"முதல்ல நீ."